ஒலி அமைப்புத் திருப்பணி நிறைவு அறிக்கை: டிஜிட்டல் கார்ட்லெஸ் மைக்குகள்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் திருக்கோயிலின் ஒலி அமைப்பைப் புதுப்பிக்கும் பணி இறையருளால் நிறைவடைந்து, நான்கு டிஜிட்டல் கார்ட்லெஸ் கை மைக்குகளும் அவற்றின் அலையை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ரிசீவர்களும் மகாமண்டபத்தில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளதால் அதை இங்கே திரும்ப எழுதவில்லை. ஆனால் 'ஒரு மைக்குக்கு இவ்வளவு செலவா?' என்று பொதுக்குழுவில் எழுந்த கேள்வி நியாயமானது. உபயதாரர் பணத்தில் வாங்கிய பொருள் என்ன செய்கிறது என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பழைய கார்ட்லெஸ் மைக்குகள் எஃப்.எம். அனலாக் முறையில் இயங்கியவை. குரலின் ஏற்ற இறக்கம் முழுவதையும் அம்முறையில் அப்படியே அனுப்ப இயலாது என்பதால், மைக்கிலேயே அதை அமுக்கி அனுப்பி, ரிசீவரில் மறுபடி விரித்துக்கொள்வார்கள். விரிப்பது அமுக்கியதற்குச் சரியாகப் பொருந்தாதபோது குரலின் முடிவில் 'உஸ்' என்ற இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். ஓதுவார் மூர்த்தி நிதானமாகத் தேவாரம் பாடி, ஓரடியின் கடைசி எழுத்தை மெல்லத் தேய்த்து நிறுத்தும் இடத்தில் அந்த இரைச்சல் எழுந்து எழுத்தையே விழுங்கிவிடுவதை, கொடிமரத்தடியில் நின்று கேட்டவர்கள் அறிவார்கள். போதாக்குறைக்கு, சென்ற ஐப்பசி அன்னாபிஷேகத்தன்று, அருகிலிருந்த ஒரு மண்டபத்தில் பந்திக்கு அழைத்த குரல், தீபாராதனை நேரத்தில் நம் ஸ்பீக்கரில் ஒலித்தது. சந்நிதியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்த அந்தக் கணம்தான் இத்திருப்பணிக்கு வித்து.

புதிதாக வாங்கியவை ஷூர் நிறுவனத்தின் கியூ.எல்.எக்ஸ்.டி.2 என்ற கை மைக்குகள்; அவற்றில் குரலை வாங்கும் தலைப்பகுதி எஸ்.எம்.58. இவற்றில் குரல் கைப்பிடிக்குள்ளேயே 24 பிட் நுணுக்கத்தில், வினாடிக்கு 48,000 மாதிரிகளாக எண்ணாக்கப்பட்டு அலையேறுகிறது. அமுக்குவதும் விரிப்பதும் இல்லாததால் அந்த 'உஸ்' சத்தத்துக்கு இடமே இல்லை. எண்ணாக்குவதால் குரல் பின்தங்குமோ என்று தவில் வித்துவான் ஐயுற்றார். தாமதம் மூன்று மில்லி வினாடிக்கும் குறைவு. பாடுகிறவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு ஒலி காற்றில் வந்துசேரவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும்.

விவரத்தாளில் ஒலியின் அதிர்வெண் வீச்சு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரை என்று போட்டிருப்பது, கைப்பிடிக்குள் இருந்து அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் திறன் மட்டுமே. அதன் மேல் அமர்ந்திருக்கும் எஸ்.எம்.58 தலை, 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் வாங்கும். இன்னும் கூர்மையான கண்டென்சர் தலை பொருத்தலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். கருங்கல் தூண்களும் தளமும் ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும் நம் மண்டபத்தில், தூரத்து ஓசையையும் துல்லியமாக வாங்கும் மைக்கைவிட, வாயருகே உள்ள குரலை மட்டும் வாங்கிப் பின்புற ஓசையைத் தள்ளுகிற மைக்கே உகந்தது என்பது குழுவின் தீர்மானமான கருத்து. 1966 முதல் மேடைகளில் உழைத்துவரும் தலை அது. மனிதக் குரலுக்கு அதன் வீச்சு தாராளமாகப் போதும்.

அடுத்தவர் குரல் நுழையும் சிக்கலுக்கு இரண்டு காப்புகள் உள்ளன. சுற்றுப்புறத்தில் எந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்பதை ரிசீவரே துழாவிக் கண்டுபிடித்துவிடும். பிறகு மைக்கின் அகச்சிவப்புக் கண்ணை ரிசீவரின் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், அந்த அலைவரிசை மைக்குக்கும் பதிந்துவிடும். ஏ.இ.எஸ். 256 பிட் என்ற மறையாக்க முறையை இயக்கியிருப்பதால், அதற்குரிய சாவியும் அப்போதே மைக்குக்குச் சென்றுவிடுகிறது. சாவி பொருந்தாத வேறு மைக்கின் குரல் நம் ரிசீவரில் ஒலிக்காது; வேறு ரிசீவர் எதுவும் நம் குரலைப் பிரித்துக் கேட்கவும் முடியாது.

அனுப்பும் ஆற்றலை 1 அல்லது 10 மில்லிவாட் என அமைக்கலாம். மண்டபத்துக்குள் 1 மில்லிவாட்டே போதுமானதாக இருந்தது. நான்கு மைக்குகளும் அருகருகே கூடுதல் ஆற்றலில் இயங்கினால் அவற்றின் அலைகள் கலந்து வேண்டாத புது அலைகளை உண்டாக்கும் என்பதால், ராஜகோபுர வாசல் வரை நடந்து பேச வேண்டிய நாள்களில் மட்டும் 10-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு ஏ.ஏ. அல்கலைன் பேட்டரிகளில் ஒன்பது மணி நேரம் வரை ஓடும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அன்றாட பூஜைக்கு அது மிகுதி. மகா சிவராத்திரியின் நான்கு காலத்துக்குப் போதாது. ஆகவே அன்றிரவு மூன்றாம் காலம் தொடங்கும் முன்பே, அளவுக்கோடு இன்னும் இறங்காவிட்டாலும், பேட்டரியை மாற்றிவிட வேண்டும். டிஜிட்டல் மைக்கில் இது இன்றியமையாதது. பழைய மைக் அலை குறையும்போது இரைந்து முன்கூட்டியே எச்சரிக்கும். புதியது கடைசி வரை தெளிவாகப் பாடிவிட்டு, திடீரென்று அறுந்துபோகும். ரிசீவரின் அலைவலு விளக்குகளை ஒருவர் கவனித்துக்கொண்டே இருப்பது அவசியம்.

பயன்படுத்துவோருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஆன்டெனா கைப்பிடியின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதை உள்ளங்கையால் பொத்தினால் அலை நலியும். வலைத்தலையைக் கைவிரல்களால் சூழ்ந்து பிடித்தாலோ, பின்புற ஓசையைத் தள்ளும் அதன் இயல்பு கெட்டு ஸ்பீக்கர் கூவத் தொடங்கும். நடுவில் பிடித்து, உதட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பேசினால் போதும். பேச்சின் நடுவே கை பட்டு அணைந்துவிடாதபடி, ஆன்-ஆஃப் விசையைப் பூட்டும் வசதியை இயக்கி வைத்திருக்கிறோம். ஆகையால் விசை வேலை செய்யவில்லை என்று யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

ஒத்திகை பார்த்த ஒரே வாரத்தில் வலைத்தலையின் கண்களில் விபூதி அடைத்திருந்ததைக் கண்டோம். அதைத் திருகிக் கழற்றி, வலையையும் உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் மட்டும் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்ட வேண்டும். உள்ளே குரலை வாங்கும் கேப்ஸ்யூலில் ஒரு சொட்டு நீரும் படக்கூடாது. இதை மாதந்தோறும் அமாவாசைக்கு மறுநாள் செய்யும் பொறுப்பை மடைப்பள்ளிக்கு அடுத்த அறையிலுள்ள ஒலிப் பணியாளர் ஏற்றிருக்கிறார். மைக்குகளும் உதிரி பேட்டரிகளும் அவரது அலமாரியில் இருக்கும். வாங்கிச் செல்வோர் பதிவேட்டில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு