பிள்ளை வாயில் வைக்கும் சட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கைவேலைப் பக்கத்தில், கைக்குழந்தைச் சட்டைகளை முடிச்சுப் போட்டு இயற்கைச் சாயத்தில் தோய்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். "செடியிலிருந்து வரும் நிறம் என்பதால் பயமே வேண்டாம். ஒரு கைப்பிடி உப்பும் இரண்டு மூடி வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும்" என்று அதில் ஒரு வரி. அரளியும் செடிதான், ஊமத்தையும் செடிதான். தாங்கள் அறியாததா?

உப்பையும் வினிகரையும் பார்ப்போம். உப்பு போடுவது வேறு சில செயற்கைச் சாயங்களுக்கு. வினிகர் கைகொடுப்பது பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் அமிலச் சாயங்களுக்கு. பருத்திச் சட்டையில் பூவும் பட்டையும் கொதிக்கவைத்த நீர் ஒட்ட இவை இரண்டும் ஒன்றும் செய்யாது. முதலில் துணியைச் சலவைச் சோடாவில் கொதிக்கவைத்து மெழுகும் கஞ்சியும் போக அலச வேண்டும். புதுத் துணியிலிருந்தும் தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கும், பார்த்தால்தான் நம்புவீர்கள். பிறகு கடுக்காய் நீர் அல்லது மாதுளைத் தோல் நீர், அதன் பின் படிகாரம், அதற்கப்புறம்தான் சாயம். பருத்தி படிகாரத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளாது. துவர்ப்புச் சத்து நூலைப் பிடிக்க, அதைப் படிகாரம் பிடிக்க, படிகாரத்தைச் சாயம் பிடிக்கும். 100 கிராம் துணிக்குக் கடுக்காய்த் தூள் 20 கிராம், படிகாரம் 15 கிராம் என்பது நான் கையாளும் கணக்கு. மொகஞ்சதாரோவில் மஞ்சிட்டி வகைச் சிவப்பு ஏற்றிய பருத்தித் துணுக்கு கிடைத்திருக்கிறது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சங்கதி தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரத்தான் கொஞ்சம் தாமதமாகிறது போலும்.

என் மருமகள் கட்டுரையை நம்பி மஞ்சளில் இரண்டு சட்டை தோய்த்தாள். என்னைக் கேட்கவில்லை, அச்சில் வந்ததற்கு இருக்கும் மரியாதை மாமியார் சொல்லுக்கு ஏது? சோப்புப் போட்டதும் மார்புப் பக்கம் முழுக்கச் செக்கச்சிவந்துவிட்டது. ரத்தம் என்று நினைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி, அக்குள் கழுத்து என்று மடிப்பு மடிப்பாகப் பார்த்திருக்கிறாள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். அதோடு, குழந்தைத் துணியைத் தினமும் துவைத்து வெயிலில் போட்டாக வேண்டும், மஞ்சளுக்கோ வெயில்தான் எமன். இதையும் கட்டுரையாளர் சொல்லவில்லை. பீட்ரூட் ரோஜா நிறமும் அப்படித்தான். படத்தில் அந்தச் சட்டை ஈரமாக இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நிறம் போனால் போகட்டும், வெள்ளைச் சட்டை போட்டும் பிள்ளைகள் வளர்கின்றன. "கறுப்புச் சாயலுக்குக் கொஞ்சம் அன்னபேதி, பச்சைக்குக் கொஞ்சம் துருசு, வீட்டுப் பாத்திரமே போதும்" என்று எழுதியிருப்பதுதான் அநியாயம். அன்னபேதி இரும்பு உப்பு, தவழும் பிள்ளை விழுங்கினால் ஆபத்து. துருசு செம்பு உப்பு, அது விஷம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு "கொஞ்சம்"? அந்தப் பாத்திரத்தில் மறுநாள் என்ன காய்ச்சுவது? கைக்குழந்தைத் துணிக்குப் படிகாரத்தைத் தாண்டிப் போகவே கூடாது, சாயப் பாத்திரம் அடுப்படிக்குள் திரும்பி வரவும் கூடாது.

பழுப்பு நிறத்துக்கு மருதாணிப் பொடியாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியதாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பழுப்புக்கு வெங்காயத் தோல் இருக்கும்போது மருதாணி எதற்கு?

இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, ஏனென்றால் இதே நொதிக் குறைபாட்டைப் பற்றித் தங்களுக்கு நான் எழுதுவது முதல் தடவையல்ல. குழந்தைத் துணிகளை அந்துருண்டை போட்டு எடுத்து வைக்கச் சொல்லி முன்பொரு குறிப்பு வெளியிட்டீர்கள். நாப்தலின் உருண்டைகளோடு கிடந்த துணியை அப்படியே போட்டால் இத்தகைய குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து என்று பக்கம் பக்கமாக எழுதினேன். தாங்கள் பெருந்தன்மையோடு பிரசுரித்தீர்கள்: "துணி பராமரிப்புக் குறிப்பு மிகவும் பயனுள்ளதாக இருந்தது." என் பெயரோடு! கீழ்வீட்டு அம்மாள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

முடிச்சு விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொன்னவர், அவிழ்த்தபின் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டாமா? மருமகள் தோய்த்த சட்டையின் கைமடிப்பைப் பிரித்தபோது, சாயத்தில் வெந்து அறுந்த ரப்பர்த் துண்டு ஒன்று உள்தையலோடு ஒட்டிக்கிடந்தது. அந்தக் கையைத்தான் பிள்ளை நாள் முழுக்கச் சப்புகிறது. நூலால் கட்டினால் இந்த வம்பே இல்லை.

செயற்கைச் சாயம் எல்லாமே விஷம் என்று ஒரு பத்தி திட்டியிருக்கிறார். புற்றுநோய் உண்டாக்கும் அமீன் என்ற வேதிப்பொருள்களை வெளிவிடும், அசோ என்ற செயற்கைச் சாய வகையில் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் தடைசெய்தது, தாங்கள் அறிந்ததே. அந்தச் சிலவற்றுக்காக மொத்தத்தையும் வைதால் எப்படி? குழந்தை உடைகளில் எச்சில் பட்டால் சாயம் இறங்குகிறதா என்று பார்க்கத் தனிச் சோதனையே இருக்கிறது. வீட்டில் தோய்த்ததை யார் சோதிப்பது? ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம், ஈரத்தோடு சுருட்டி இரவு முழுக்க வைத்துப் பார்க்கலாம். வெள்ளையில் கறை விழுந்தால் அந்தச் சட்டையைப் பொம்மைக்குப் போடலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழேயாவது, ஒரு சிறு கட்டம். பருத்திக்கு உப்பும் வினிகரும் போதாது, கடுக்காயும் படிகாரமும் வேண்டும். அன்னபேதி, துருசு, மருதாணி கூடாது. தேய்த்துப் பார்த்தபின் போடுங்கள். அவ்வளவுதான். இடமில்லாமல் இந்தக் கடிதத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால் மொகஞ்சதாரோவை வெட்டிக்கொள்ளுங்கள், படிகாரத்தில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி