முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்: குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. எட்டு வயது ஆகுமுன்பே மார்பு வளர ஆரம்பித்த ஒரு பெண் குழந்தையின் அம்மா. மகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒருவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சீக்கிரம்தான், பயப்படாதீங்க" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார். மனம் கேட்காமல் வேறொருவரிடம் போனோம். அவர் முகம் மாறிவிட்டது. மூளைக்கு ஒரு ஸ்கேன், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன், ஒரு தாள் நிறைய ரத்தப் பரிசோதனை என்று மளமளவென்று எழுதிக் கையில் கொடுத்தார். முன்னவருக்கு இது ஒன்றுமே இல்லை, பின்னவருக்கு என்னவோ பெரிதாக இருக்கிறது. ஆனால் இருவருமே குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளக்கவில்லை.

அதைக் கேட்கத்தான் இந்த மடல். அளந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள், மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்களுக்குப் பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினால் கவனிக்க வேண்டும் என்பது நீங்கள் படித்ததுதான். இப்போது எங்களுக்கும் மனப்பாடம். ஆனால் எட்டுக்கு ஒரு மாதம் குறைந்தால் நோய், ஒரு மாதம் கூடினால் நலம் என்று எந்த உடம்பும் நடந்துகொள்வதில்லை. எப்போது தொடங்கியது என்பதற்கு இணையாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதும் முக்கியம். வேகம் தெரிய ஒரு அளவு போதாது. இரண்டு வேண்டும், நடுவில் சில மாதங்களும் வேண்டும்.

அந்த வயதில் ஒரு குழந்தை வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வது வழக்கம். அது 8, 9 என்று எகிறினால், வளர்ச்சி வரைபடத்தில் இதுவரை ஒரு கோட்டை ஒட்டியே போன குழந்தை மேலே இருக்கும் கோடுகளைத் தாண்ட ஆரம்பித்தால், உள்ளே ஹார்மோன் வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம். வீட்டில் இதை யாரும் பிரச்சினையாகப் பார்க்க மாட்டார்கள். "நல்லா வளர்ந்துட்டாளே" என்று பாராட்டத்தான் செய்வார்கள். இன்று வகுப்பிலேயே உயரமாக நிற்கும் பிள்ளைக்கு எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிவிட்டால், பெரியவளான பின் அவள் குட்டையாகவே நின்றுவிடலாம் என்பதை எங்களுக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அளப்பதிலும் ஒரு நேர்த்தி தேவை. பெரும்பாலும் செருப்போடு, அவசரமாக, தலையில் கட்டிய கொண்டைக்கு மேலேயே பலகையை இறக்கி ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். கடைசியாக எங்கள் மகளைப் பார்த்த டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். முடியை அவிழ்க்கச் சொன்னார். குதிகாலும் பின்புறமும் சுவரை ஒட்டியிருக்க, பார்வை நேராக இருக்க, பலகையை மெதுவாக இறக்கி அளந்தார். பிறகு அவளை விலகச் சொல்லி, திரும்ப நிற்கவைத்து இன்னொரு தடவை அளந்தார். எனக்கு அப்போது அது மிகையாகத் தெரிந்தது. யோசித்தால், ஆறு மாதத்துக்கு மொத்த வளர்ச்சியே 3 செ.மீ. என்கிறபோது ஒரு செ.மீ. பிழை என்பது மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்ணைத் தேதியோடு சீட்டில் எழுதி, மூன்று நான்கு மாதம் கழித்து எந்த வாரம் வர வேண்டும் என்பதையும் கீழேயே குறித்துக் கொடுத்தார். எங்களுக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விட்டது. பயம் முழுதாகப் போக வேண்டும் என்று எந்தப் பெற்றோரும் எதிர்பார்ப்பதில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. 1997-ல் அமெரிக்காவில் 17,000 சிறுமிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, மார்பு வளர்ச்சி முன்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் தொடங்குகிறது என்று சொன்னது. அதை வைத்து 1999-ல் அங்குள்ள குழந்தை ஹார்மோன் நிபுணர்களின் சங்கம் ஒன்று, கவனிக்க வேண்டிய வயதை 8-லிருந்து 7-க்கும், கறுப்பினச் சிறுமிகளுக்கு 6-க்கும் இறக்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்படி இறக்கினால் உண்மையில் நோய் உள்ள சில குழந்தைகள் தவறிப்போவார்கள் என்று எதிர்ப்பும் வந்தது. அந்த ஆய்வில் பல சிறுமிகளைக் கையால் தொட்டுப் பார்க்காமல், கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. சராசரி முன்னால் நகர்ந்திருக்கலாம். ஆனால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது சராசரி இல்லை, ஒரு குழந்தை.

தொட்டுப் பார்ப்பது ஏன் என்றால், சற்றுப் பூசினாற்போல இருக்கும் பிள்ளைகளுக்கு வெறும் கொழுப்பே மார்பு வளர்ச்சி போலத் தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால் கொழுப்பு மெத்தென்று விலகும். மார்புத் திசு என்றால் காம்புக்கு அடியில் வட்டமாக, கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கவும் செய்யும். ஒரு பக்கம் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் கழித்து வருவதும் உண்டு. இது தெரியாமல் புற்றுநோய்க் கட்டி என்று இரவெல்லாம் தூங்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். ஒரு வரியில் சொல்லிவிடலாம் நீங்கள். ஆனால் எந்த நிலையிலும் அதைக் கீறி எடுக்கவோ ஊசி குத்திச் சோதிக்கவோ அவசரப்பட வேண்டாம். அந்த மொட்டுதான் பிற்பாடு முழு மார்பாக வளர வேண்டியது.

ஒன்றுமில்லாத வகைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லுங்கள். இரண்டு வயதுக்குள் மார்பு மட்டும் லேசாகப் பெருத்து, வேறெதுவும் மாறாமல் அப்படியே நின்றுவிடும் அல்லது தானாகவே வடிந்துவிடும் குழந்தைகள் நிறைய. அக்குளில் வியர்வை நாற்றம், அந்தரங்க இடத்தில் சில முடி, எண்ணெய் வழியும் முகம், இது மட்டும் என்றால் பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி கொஞ்சம் முன்னதாக விழித்துக்கொண்டது என்று பொருள். கருப்பைக்கும் சினைப்பைக்கும் இன்னும் அழைப்பு போயிருக்காது. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் உங்கள் வேலை இருக்கிறது. மறுபடி வரச் சொல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை. பையன் ஏழு வயதில் திடுதிப்பென்று உயர்ந்து, குரல் கனத்து, தசை முறுகினால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பருவம் வருவது அரிது என்பதாலேயே, வந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு பெண் பிள்ளைகளைவிட அதிகம். மூளையில் ஏதாவது இருக்கலாம், அட்ரினலில் இருக்கலாம். இதைப் பிரித்தறிய உங்களிடம் எளிமையான ஒரு கருவியே இருக்கிறது. சுவிட்சர்லாந்து டாக்டர் ஆண்ட்ரியா பிராடர் 1960-களில் உருவாக்கிய, வரிசையாக மணிகள் கோத்த மாலை. விரையை அந்த மணிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, 4 மி.லி. அளவை எட்டிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கொள்வார்கள். முடியும் உறுப்பும் வளர்ந்திருக்க, விரை மட்டும் சிறிதாகவே இருந்தால் ஹார்மோன் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். மணிமாலை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வெளியே எடுங்கள். பையனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

வீட்டில் என்னென்ன கிரீம், ஜெல் இருக்கிறது என்றும் கேளுங்கள். அப்பா தோலில் தடவிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல், குழந்தையைத் தூக்கும்போது அதன் தோலுக்கு மாறி, பருவ அறிகுறிகளை உண்டாக்கிய சம்பவங்களுக்குப் பிறகு 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் அட்டையில் கடுமையான எச்சரிக்கையே போட வைத்தது. தடவுகிறவருக்கு இது தோன்றவே தோன்றாது.

இன்னொன்று கேட்கக் கஷ்டமானது. மார்பு வளர்ச்சி எதுவும் இல்லாமல் ஒரு சிறுமிக்கு ரத்தப்போக்கு மட்டும் வந்தால், வயதுக்கு வந்துவிட்டாள் என்று எங்களுக்குத் தோன்றும். அது அப்படி இல்லாமல் போகலாம். காயமாகவோ, உள்ளே சிக்கிய பொருளாகவோ, யாரோ செய்த கொடுமையாகவோ இருக்கலாம். அந்தக் கேள்வியை எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டி வந்தால் கேளுங்கள். எங்களுக்கு வருத்தமாக இருக்கும், கேளுங்கள்.

பரிசோதனைகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்கு ஒரு வரிசை இருக்கட்டும். இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்று எலும்பு வயதைக் காட்டும்; ஏழு வயதுக் குழந்தையின் எலும்பு பத்து வயதுபோல இருந்தால் எங்களுக்கே விஷயம் புரியும். காலை நேர ரத்தத்தில் எல்.எச். என்ற, பருவத்தைத் தூண்டும் ஹார்மோனைப் பார்க்கலாம், ஆனால் குழந்தைகளிடம் இருக்கும் நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கும் முறை உள்ள இடத்துக்கு எழுதிக் கொடுங்கள். தைராய்டு கடுமையாகக் குறைந்தாலும் சீக்கிரம் பருவம் வரலாம். வினோதம் என்னவென்றால் அதில் எலும்பு வயது முந்தாது, பிந்தும். மூளை எம்.ஆர்.ஐ. யாருக்கு என்றும் சொல்லுங்கள்: மூளையின் உத்தரவால் தொடங்கிய பருவம் என்று உறுதியான ஆண் பிள்ளைகள், ஆறு வயதுக்கு முன்பே தொடங்கிய பெண் குழந்தைகள், தலைவலி, பார்வைக் குறைவு, வலிப்பு உள்ளவர்கள். காரணமே இல்லாமல் அடக்க முடியாமல் சிரிப்பதுகூட ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

அப்புறம், முன்கூட்டி வந்த பருவத்தை நிறுத்திவைக்கும் ஊசி. "ஹார்மோன் ஊசி" என்று நீங்கள் சொன்னவுடன் எங்கள் மனதில் ஓடுவது, பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா என்பதுதான். வாய்விட்டுக் கேட்க மாட்டோம். நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மருந்துகள் 1980-களிலிருந்து கொடுக்கப்படுகின்றன. மூளை விட்டுவிட்டுத் தட்டினால்தான் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பருவத்துக்கான கதவைத் திறக்கும். மருந்து இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பதால் அது காதில் வாங்காமல் விட்டுவிடுகிறது. ஊசியை நிறுத்தினால் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும், பெரும்பாலும் ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் மாதவிடாய் வரும். இதைச் சொன்னாலே போதும். முதல் ஊசிக்குப் பிறகு சில நாட்களிலோ வாரங்களிலோ சிறிது ரத்தப்போக்கு வரக்கூடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நடு இரவில் உங்களுக்குப் போன் வரும்.

யாருக்கு ஊசி தேவையில்லை என்பதிலும் நேர்மையாக இருங்கள். ஆறு வயதுக்கு முன் தொடங்கி வேகமாகப் போகிற குழந்தைக்கு உயரத்தில் நல்ல பலன் கிடைக்கும். எட்டை நெருங்கியோ தாண்டியோ மெதுவாகத் தொடங்கியவளுக்கு உயரத்தில் பெரிய லாபம் இல்லை. "ஒரு இரண்டு இன்ச் கூடும்" என்ற ஆசையில் கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். மறுத்துச் சொல்லுங்கள். உயரத்துக்காக இல்லை, இந்த வயதில் மாதவிடாயைச் சமாளிக்க அவளால் முடியாது என்பதற்காக என்றால், அது வேறு பேச்சு. அதை எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அம்மா எப்போது வயதுக்கு வந்தார் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அப்பாவை யாரும் கேட்பதில்லை. எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் பருவம் சீக்கிரம் வரலாம் என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள்; அந்தக் கோளாறு அப்பா வழியாக வரும்போதுதான் குழந்தையிடம் வேலையைக் காட்டும். வீட்டில் அப்பா தனக்கு எப்போது மீசை முளைத்தது என்று யோசித்துச் சொல்லட்டுமே, வாசலில் போன் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு.

கடைசியாக, குழந்தை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்களும் நாங்களும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொள்கிறோம். "சீக்கிரம் வந்துடுச்சு", "கட்டி", "ஸ்கேன்" என்று அவள் காதில் விழுவதை வைத்து அவள் என்ன கதை கட்டிக்கொள்வாள் என்று நமக்குத் தெரியாது. அவள் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்றுகூட நினைக்கலாம். எல்லோருக்கும் நடப்பதுதான், உனக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்திருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளைப் பார்த்து, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். உடம்பு பத்து வயது போல இருந்தாலும் அவளுக்கு ஏழு வயதுதான், அப்படியே பேசுங்கள். பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா, உடை மாற்றும்போது கஷ்டமாக இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். முதல் முறை பதில் வராது. அடுத்த முறை வரும்போது மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அம்மா