ஜனவரியில் ஓடும் 21 கி.மீ.க்கு முன் தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்கு ஓய்வு. ஆவணியிலும் சாரல் விட்டபாடில்லை, ரேஸ்கோர்ஸில் குடையோடுதான் நடக்கிறார்கள். மற்ற சமாச்சாரங்களைப் போனில் பேசிக்கொள்வோம். நீ கேட்ட ஓட்ட விஷயம் எழுத்தில் இருந்தால்தான் உனக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் (21.1 கி.மீ.) ஓடப் போகிறாய், அதையும் 2 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறாய். கண்டிப்பாக ஓடு. நேரத்தை மட்டும் மாற்றிக்கொள். 10 கி.மீ. ஓடும் நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் வெளியிட்ட சூத்திரத்தின் சுருக்கம் இது. இப்போது 10 கி.மீ.க்கு உனக்கு ஆகும் 72 நிமிடத்துக்கு 2 மணி 38 நிமிடம் வருகிறது. 2:10 வேண்டுமென்றால் 10 கி.மீ.யை 59 நிமிடத்தில் ஓட வேண்டும். வாரத்தில் மூன்று காலை வேளை மட்டுமே கையில் இருக்கும்போது நான்கு மாதத்தில் 13 நிமிடம் குறைப்பது நடக்கிற காரியமில்லை. முண்டினால் காலில் வலிதான் மிஞ்சும். 68 நிமிடத்துக்கு வந்துவிட்டால் 2:30 கிடைக்கும். அது உனக்கு எட்டும். இந்த வருஷம் அதை வைத்துக்கொள்.

பலரும் இணையத்தில் கிடைக்கும் ஐந்து நாள் திட்டத்தை எடுத்து, அதற்குள் வீட்டைத் திணிக்கப் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஆபீஸில் ஆடிட் வரும், திட்டம் கிழிந்துவிடும். உன் வீடு எத்தனை மணி நேரம் தருகிறதோ அதிலிருந்துதான் திட்டம் பிறக்க வேண்டும். செவ்வாய் 45 நிமிடம், வியாழன் 50 நிமிடம், ஞாயிறு ஒன்றே காலிலிருந்து இரண்டரை மணி நேரம். இவ்வளவுதான் கேட்கிறேன், ஆனால் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். உன் வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடு. அந்த இரண்டு வார நாட்களில் டிபனும் பிள்ளைகளின் லஞ்ச் பாக்ஸும் உன் வீட்டுக்காரர் பொறுப்பு என்று முடிவாகிவிட்டால், ஒவ்வொரு காலையும் அனுமதி கேட்பது போல நிற்க வேண்டியதில்லை. முந்தின இரவே காய் நறுக்கி, தேங்காய் துருவி, யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வைத்துவிடலாம். உன் ஷூ, சாக்ஸ், உடை எல்லாம் கதவோரம் இருக்கட்டும். 4:45-க்கு எழ வேண்டுமென்றால் 9:45-க்குப் படுத்தாக வேண்டும். பயிற்சியில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்வது இந்தத் தூக்கத்தைத்தான். உடம்பு தேறுவது தூங்கும்போதுதான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் ஐந்து மணி நேரம்கூடத் தூங்காத இரவு என்றால், மறுநாள் ஓட்டத்தை விட்டுவிடு. விட்டதை அடுத்த நாள் சேர்த்து ஓடாதே.

செப்டம்பர் மூன்றாவது வாரம் ஆரம்பித்தால் பதினாறு வாரம் இருக்கிறது. ஞாயிறு நீண்ட ஓட்டம் 8, 9, 10 கி.மீ. என்று ஏறி, நான்காவது வாரம் 8-க்கு இறங்கட்டும். அடுத்து 11, 12, 13, பிறகு 10. அதன்பின் 14, 15, 16, பிறகு 12. கடைசிச் சுற்றில் 17, 18, அடுத்த ஞாயிறு 12, அதற்கடுத்தது போட்டி. இறங்கும் வாரத்தை வீண் என்று நினைக்காதே. இதயமும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது ஏழாவது வாரத்தில் 'நன்றாகத்தானே ஓடுகிறேன்' என்று தோன்றும்போது பலருக்கும் முழங்காலிலோ குதிகாலிலோ வலி ஆரம்பிப்பது இதனால்தான்.

செவ்வாயும் ஞாயிறும் மெதுவாகத்தான் ஓட வேண்டும். மெதுவாக என்றால் பக்கத்தில் ஓடுபவளிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. உனக்கு அது கி.மீ.க்கு 7:45-லிருந்து (7 நிமிடம் 45 விநாடி) 8:15 வரை வரும். செப்டம்பர் விடியலில் சென்னைக் காற்று ஈரமாகவே இருக்கும், வியர்வை காயாமல் சொட்டும். காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! குளிராததால் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டி இதயம் வேகமாக அடிக்கும், அதே வேகமே கூடுதல் பாடாகத் தெரியும். அதனால் கடிகாரத்தில் வேகம் 8:30 என்று காட்டினாலும் கவலைப்படாதே. டிசம்பரில் குளிர்ந்ததும் அதே மூச்சுக்கு வேகம் தானாகக் கூடும். வெயிலில் ஓடிப் பழகு என்று யாராவது சொன்னால் கேட்காதே. சென்னையின் விடியற்காலையே அந்தப் பழக்கத்தைத் தந்துவிடும்.

வியாழக்கிழமைதான் வேகத்துக்கு. பத்து நிமிடம் மெது ஓட்டம், பிறகு 4 நிமிடம் கி.மீ.க்கு 6:40 அளவில், 2 நிமிடம் நடை. இப்படி நான்கு தடவை ஓடிவிட்டு, கடைசியில் பத்து நிமிடம் மெதுவாக ஓடி முடி. ஒன்பதாவது வாரத்திலிருந்து அதை 10 நிமிடம் வீதம் மூன்று தடவையாக, கி.மீ.க்கு 7:00-ல், நடுவில் 2 நிமிடம் நடையோடு மாற்று. அந்த வியாழன்களுக்கு மட்டும் ஒரு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். முதல் சுற்றைவிடக் கடைசிச் சுற்று மெதுவாகிறது என்றால் ஆரம்பத்தில் அவசரப்பட்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

எட்டாவது வாரம் வரும் 10 கி.மீ.தான் பரீட்சை. அன்று மட்டும் முழு மூச்சாக ஓடு. 69-க்குள் வந்தால் 2:30-ஐ வைத்துக்கொள்வோம். 71, 72 என்றே நின்றால் 2:38-க்குத் திட்டம் போடுவோம், அதில் குறை ஒன்றுமில்லை.

அது நவம்பர், அடைமழைக் காலம். மழை விடாத நாளில் வீட்டு மாடிப்படியில் 25 நிமிடம் ஏறி இறங்கு. அதுவும் பயிற்சிதான். தண்ணீர் தேங்கிய தெருவில் மட்டும் ஓடாதே, மூடியில்லாத மேன்ஹோல் அடியில் இருந்தால் தெரியாது. நனைந்த ஷூவை வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே இருக்கும் மெத்தையை (இன்சோல்) வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மின்விசிறிக்கடியில் வை. தீபாவளி அன்றும் மறுநாள் காலையும் பட்டாசுப் புகை தங்கியிருக்கும், அந்த இரண்டு நாளும் ஓட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகளில் முகூர்த்தம் விழும். காலண்டரைப் பார்த்து அந்த வாரங்களில் நீண்ட ஓட்டத்தை சனிக்கிழமைக்குத் தள்ளிவிடு. 17-ம் 18-ம் வரும்போது மார்கழி பிறந்திருக்கும். கல்யாணத் தொல்லை இல்லை, விடியுமுன்பே கோயில் ஸ்பீக்கர் பாடும், வாசலில் விளக்கோடு கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், தெருவில் ஆள் இருக்கும். இருட்டில் தனியாக ஓடப் பயப்படும் உனக்கு வருஷத்திலேயே தோதான மாதம் அதுதான். அரையாண்டுத் தேர்வு மட்டும் குறுக்கே வரும். 18 கி.மீ. நாளை அதற்கு முன்போ பின்போ ஒரு வாரம் நகர்த்தினால் தவறில்லை.

மற்ற மாதங்களில் தனியாக ஓடாதே. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலையில் குழுக்களாக ஓடுவார்கள், உன் வேகத்தில் ஒருத்தியாவது கிடைப்பாள். மணலில் ஓட வேண்டாம். குதிகால் புதைந்து கெண்டைக்கால் இழுபடும். வண்டிகள் எதிரே வரும்படி சாலையின் வலது ஓரமாக ஓடு, ஒரு காதிலாவது ஹெட்போன் இல்லாமல் இருக்கட்டும். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நட, கண்ணைப் பார்க்காதே. கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போய்விடு.

குதிகாலுக்கு மேலே காலையில் இறுகுகிறது என்று எழுதியிருந்தாய். அது அக்கிலிஸ் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார். தடவினால் சரியாகாது, அதற்கு வலு ஏற்ற வேண்டும். 1998-ல் ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எம்பு. பிறகு எடை முழுவதையும் வலிக்கும் காலுக்கு மாற்றி, மனதுக்குள் மூன்று எண்ணி, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறக்கு. மறுபடி மேலே ஏற நல்ல காலைத்தான் பயன்படுத்த வேண்டும். பலரும் தப்பு செய்வது இங்கேதான், வலிக்கும் காலாலேயே ஏறிவிடுவார்கள். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று தடவை, லேசாக மடக்கி 15 வீதம் மூன்று தடவை, காலை மாலை இரண்டு வேளையும், பன்னிரண்டு வாரம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய். முன்னங்கால் எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தாலோ, அந்தக் காலில் குதித்தால் வலித்தாலோ அது வேறு விஷயம். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்.

ஷூவை சாயங்காலம் போய் வாங்கு, கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். 500-லிருந்து 800 கி.மீ. வரை உழைக்கும். போட்டிக்குப் புது ஷூ வேண்டாம். காட்டன் சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் தரும், விளையாட்டுக்கென்று விற்கும் சிந்தெட்டிக் சாக்ஸ் வாங்கு. ஸ்போர்ட்ஸ் பிராவில் தாங்குவது கீழ்ப் பட்டிதான். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். நீண்ட ஓட்டத்துக்கு முன் பட்டி உராயும் இடத்தில் வாசலின் தடவிவிடு.

ஓடுமுன் ஒரு பூவன் பழம், பழக்கமிருந்தால் அரை டம்ளர் காபி போதும். உனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று ஒரு ஞாயிறு அளந்து பார். ஓடுமுன்னும் பின்னும் ஈர உடை இல்லாமல் எடை எடு. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள். அவ்வளவையும் ஓடும்போதே நிரப்பப் பார்க்காதே, தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் ஆபத்து, வெறும் தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்றால் ஓ.ஆர்.எஸ். எடுத்துப் போ. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கலக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வீட்டுக்கு வந்தபின் உப்பிட்ட உணவோடு குடி. மணிக்கு 30-லிருந்து 40 கிராம் மாவுச்சத்தும் வேண்டும். ஓடும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல் ஒன்றில் 20-25 கிராம் இருக்கும். எதுவானாலும் 14 கி.மீ. வாரத்திலிருந்தே பழகிப் பார்.

சோர்வாக இருக்கிறது என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அதை ஓட்டத்தின் தலையில் கட்டாதே. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பரிசோதித்துவிடு. நம் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் கீழே கிடப்பது சகஜம். கீரை, பயறு சாப்பிடும் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம், அவை இரும்புச் சத்தைச் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது. மாத்திரையை மட்டும் ரிப்போர்ட் பார்க்காமல் ஆரம்பிக்காதே.

போட்டியன்று உன் ஜி.பி.எஸ். கடிகாரம் 21.1 கி.மீ. அல்ல, 21.3-க்கு மேலேயே காட்டும். பாதையை மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள், நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. அதனால் 2:30-க்குக் கி.மீ.க்கு 7:06 என்று கணக்குப் போட்டால் கடைசியில் ஒன்றரை நிமிடம் இடிக்கும். முதல் 5 கி.மீ. 7:12, மீதி 6:58 என்று மனதில் வை. கூட்டத்தோடு அடித்துக்கொண்டு கி.மீ.க்கு 6:30 வேகத்தில் கிளம்பினால் 16-க்கு மேல் நடைதான்.

பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு. எட்டாவது வாரம் 10 கி.மீ. எவ்வளவில் வந்தது என்று அன்றே எழுது, வியாழக்கிழமைகளை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன். பிள்ளைகளுக்கு அன்பு, அத்தைக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் கோவைத் தோழி