மோட்டாரை நிறுத்தி வைத்தவர்களுக்கு

அன்புள்ள கிழக்குத் தெரு பெரியப்பாவுக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனுக்கும், இயற்பியல் சாருக்கும், டீக்கடை அக்காவுக்கும், நாகப்பட்டினத்து மாமாவுக்கும்,

வணக்கம். சூரிய வெடிப்பைப் பிடிக்கக் களத்துமேட்டில் நிற்கும் நம் ஆண்டெனாவை வரும் ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பள்ளிக்கூட மைதானத்தின் தென்கோடிக்கு மாற்றுகிறோம். தலைமையாசிரியர் இடம் கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேரும் பேசிக்கொண்டோம். நேரில் சொன்னால் "இதுக்கெல்லாமா நன்றி" என்று எழுந்து போய்விடுவீர்கள்.

பாமணியாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு சூரியனில் நடக்கும் வெடிப்பை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் ஒரு கடற்படை வானொலி நிலையம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்காக 19.8 கிலோஹெர்ட்ஸில் அலை அனுப்புகிறது. அதில் என்ன செய்தி போகிறது என்பது நமக்கு வேண்டாம். எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பது மட்டும் போதும். தரைக்கும், தலைக்கு மேலே சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மின்னேறிய காற்றடுக்குக்கும் நடுவே, இரண்டு கரைக்குள் ஓடும் ஆறு மாதிரி, கடலைத் தாண்டி அந்த அலை நம் ஊர் வரை வருகிறது. சூரியனில் வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் 8 நிமிடம் 20 நொடியில் இங்கே வந்து, மேலே உள்ள அந்த அடுக்கில் மின்னேற்றத்தைக் கூட்டிவிடும். உடனே கணினித் திரையில் அந்த அலையின் பலத்தைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். மதகைத் திறந்ததும் வாய்க்காலில் தண்ணீர் ஏறும், அடைத்த பிறகு நிதானமாக வடியும் இல்லையா, அதே வடிவம்தான்.

காயில் அண்ணா, உங்களிடம்தான் முதலில் வந்தோம். ஆண்டெனாவுக்காக ஒரு மீட்டர் மரச்சட்டத்தில் சுற்றக் கம்பி வேண்டும் என்றோம். மோட்டார்களுக்குக் காயில் கட்டிய பிறகு மிஞ்சிய கம்பியைக் கொடுத்ததோடு நிற்காமல், கடையை அடைத்துவிட்டு வந்து நீங்களே சுற்றியும் கொடுத்தீர்கள். ஒரு சுற்றுகூட ஒன்றன் மேல் ஒன்று ஏறவில்லை. என் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் மாட்டினோம். கோடு வந்தது, ஆனால் பகல் முழுக்க இரைச்சல். இரண்டு வாரம் ஒயரை மாற்றினோம், சட்டத்தைத் திருப்பினோம். ஒன்றும் சரியாகவில்லை. ஒரு நாள் காலையில் நீங்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, "அந்த மோட்டார் போடுறப்பதானே வருது" என்றீர்கள்.

அது பெரியப்பாவின் போர்செட். பருத்தி வாடும் கோடை. எப்படிப் போய்க் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பகலில் ஒன்பதிலிருந்து மூன்று வரை மோட்டாரை நிறுத்த முடியுமா என்று கடைசியில் நான்தான் கேட்டேன். "ராத்திரி ஓடுனா ஒங்களுக்குப் பரவால்லயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பரவாயில்லை. சூரியன் இந்தப் பக்கம் இருக்கும்போது மட்டும்தான் வெடிப்பு நம் அடுக்கைத் தொடும். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து பெரியப்பா இரவில் தண்ணீர் பாய்ச்சினார். கையில் டார்ச்சோடு, பாம்பு கிடக்கும் வரப்பில், எழுபது வயதில். எங்கள் நோட்டில் இருக்கும் ஒவ்வொரு பகல் கோட்டுக்கும் பின்னால் அவர் விழித்த ஓர் இரவு இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, பெரியப்பா.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. காலையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்தது. அட்சய திருதியை வேறு, மன்னார்குடிக் கடைத்தெருவில் கூட்டம். பகல் 12:24க்கு எக்ஸ் 3.9 அளவு வெடிப்பு. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஒவ்வொரு எழுத்தும் முந்தியதைவிடப் பத்து மடங்கு. அதில் எக்ஸ்தான் உச்சம். கோடு செங்குத்தாக எழுந்தது. மோட்டார் ஓடியிருந்தால் அந்த இரைச்சலில் அது தெரிந்தே இருக்காது. பெரியப்பாவைக் கூட்டிவந்து காட்டினோம். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு தூரத்துலேந்து வந்து நம்ம களத்துல விழுது பாரு" என்றார்.

இயற்பியல் சார் அன்றைக்குச் சிறு தொலைநோக்கியில் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்தார். 3664 என்ற எண் கொடுத்திருந்த கரும்புள்ளிக் கூட்டம், பூமியைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு அகலம், தாளில் மை சிந்தியது மாதிரி கிடந்தது. கண்ணை வைத்து நேராகப் பார்க்கவே கூடாது என்று சார் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்தக் கண்டிப்புக்கும் சேர்த்து நன்றி, சார். கோடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தைப் பற்றியும், அங்கே 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டதைப் பற்றியும் நீங்கள் சொன்ன பிறகுதான், தேதி போட்டுப் படம் வரையும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

அன்று இரவுதான் பெரிய காந்தப் புயல் பூமியைத் தொட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த அளவுக்கு வந்ததே இல்லை. லடாக்கின் ஹன்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளும் மொட்டைமாடியில் காத்திருந்தார்கள். இவ்வளவு தெற்கே தெரியாது. மத்தியானம் வந்த வெடிப்பு இரவே புயலாக வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள், அது சரியில்லை. அதற்கு முந்திய நாட்களில் சூரியன் வீசியெறிந்த பொருள் வந்து சேர்ந்ததுதான் அந்தப் புயல். ஒளி எட்டு நிமிடத்தில் வரும், பொருள் வர ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும்.

செல்போனை அணைத்துவை, உடம்பு வெந்துவிடும் என்று பரவிய செய்திகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. டீக்கடை அக்கா, உங்கள் விலைப்பலகையில் பாதியை அழித்துவிட்டு, "சூரியப் புயலால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, காற்று மண்டலம் காக்கும்" என்று எழுதவிட்டீர்களே, நாங்கள் வீடு வீடாகச் சொல்லியிருந்தால்கூட அத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடும் டிராக்டர்கள் அந்தப் புயலில் தடுமாறின என்பதையும் உங்கள் பெஞ்சில் வைத்துத்தான் விவசாயிகளிடம் சொன்னோம்.

நாகப்பட்டினத்து மாமா மீன்பிடித் தடைக்காலத்தில் வந்து எங்களோடு இரண்டு நாள் இருந்தார். சில ராத்திரி கடல் அமைதியாக இருக்கும்போதே ஜிபிஎஸ் இடம் தாவுகிறது, அதுவும் சூரிய வெடிப்பா என்று கேட்டார். அந்தக் கேள்வியால் நாங்கள் நிறையப் படித்தோம். பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போவதால், பொழுது சாய்ந்தபின் நமக்கு மேலே உள்ள அயனி மண்டலம், அதாவது மின்னேறிய காற்றடுக்குகள், தானாகவே கொந்தளிக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அது அதிகம். எல்லாவற்றையும் வெடிப்பின் தலையில் கட்டக் கூடாது என்று அப்போது புரிந்தது. மாமா, தேதியும் நேரமும் குறித்த உங்கள் சிறு நோட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த தடைக்காலத்தில் வாருங்கள், சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

புது இடத்தில் பக்கத்தில் போர்செட் எதுவும் இல்லை, பார்த்துவிட்டோம். பெரியப்பா, திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் பகலிலேயே மோட்டார் போடலாம். ராத்திரி தூங்குங்கள்.

அன்புடன்,
களத்துமேட்டுப் பிள்ளைகள் ஐவர் சார்பாக