தேதி முடிந்த பொட்டலம் யார் வீட்டுக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன் சமையலறையை ஒழித்து வைப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அலமாரியின் பின்வரிசையில் தேதி முடிந்து கிடப்பதை எல்லாம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

புதுச்சேரி வீடுகளில் இந்தப் பொருட்கள் சேருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று பிரான்ஸ். எங்கள் முத்தியால்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் அங்கே ஒரு மகனோ சித்தப்பாவோ இருப்பார். ஆகஸ்டு விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறைய சாக்லேட், சீஸ், கடுகு விழுது பாட்டில், மத்தி மீன் டப்பா, வாத்து ஈரல் டப்பா. சாக்லேட் அந்த வாரமே தீர்ந்துவிடும். வாத்து ஈரலை யார் திறப்பது? மாமியார் தொடமாட்டார், பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் பாரீசிலிருந்து வந்தது ஆயிற்றே என்று மேல்தட்டுக்குப் போகும். அடுத்த விடுமுறைக்கு வருகிறவர் கண்ணில் பட்டால் சங்கடம் என்று இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும்.

இன்னொரு வழி புயல். 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல் என்று இரண்டையும் பார்த்த ஊர் இது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னாலே போதும், ரவை, சேமியா, பால் பவுடர், பிஸ்கட், நூடுல்ஸ் என்று கடையைக் காலி செய்துவிடுகிறோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வருகிறேன் என்று சொன்ன புயல் பல தடவை ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விடுகிறது. வாங்கியது மட்டும் இங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தத் தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் அறிவியல் எடுத்த பழக்கம், விளக்காமல் விடமுடியவில்லை. பிரெஞ்சு டப்பாவில் இரண்டு விதமான தேதி வரும். இந்த நாளுக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது ஒன்று. இறைச்சி, மீன் மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகும், குளிரில் வைக்கவேண்டிய பொருட்களுக்கு அது. இந்த நாள்வரை ருசியும் மணமும் குறையாது என்பது மற்றொன்று. பிஸ்கட், காப்பித்தூள், பாஸ்தா, டப்பா மீன் இவற்றுக்கு அது. முதல் தேதி தாண்டினால் பேச்சே கிடையாது, குப்பைதான். இரண்டாவது தாண்டினால் பொருளைப் பார்த்து முடிவெடுக்கலாம். நம் நாட்டிலும் 2020-இல் வந்த லேபிள் விதிகள் எக்ஸ்பைரி தேதியைக் கட்டாயம் ஆக்கி, பெஸ்ட் பிஃபோர் தேதியைக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டன. அமெரிக்காவிலிருந்து வந்த பொட்டலமாக இருந்தால் இன்னொரு குழப்பம். அங்கே மாதத்தை முன்னால் போடுவார்கள். 04/09 என்றால் ஏப்ரல் 9. நாம் செப்டம்பர் 4 என்று படித்துக்கொண்டு ஐந்து மாதம் நிம்மதியாக இருப்போம்.

அச்சடித்த தேதி எதுவாக இருந்தாலும், பிரிக்காத பொட்டலத்துக்கும் சொன்னபடி வைத்திருந்த பொருளுக்கும்தான் அது செல்லும். சாஸ் பாட்டிலைத் திறந்தாயிற்று, அப்புறம் மூடியில் இருக்கும் வருடத்தைக் காட்டி என்ன பயன்? ஃபெஞ்சலில் கரண்ட் போன வீடுகளில் ஃபிரிட்ஜுக்குள் இருந்ததற்கும் இதே கதைதான். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால்கூட சுமார் நாலு மணி நேரம்தான் கணக்கு. உப்பிய டப்பாவை மட்டும் முகர்ந்துகூடப் பார்க்கவேண்டாம், அப்படியே கட்டிப் போட்டுவிடுங்கள். டப்பா உணவில் வளரும் ஒரு கிருமியின் நச்சு நரம்பைத் தாக்கி உயிரையே எடுக்கும். அந்த நச்சுக்கு வாடை இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, கட்டுரையில் விட்டுப்போன விஷயத்துக்கு வருகிறேன். தூக்கிப் போடுங்கள் என்று எழுதுவது சுலபம். உண்மையில் யார் தூக்கிப் போடுகிறார்கள்? காசு கொடுத்து வாங்கியது, கை வராது. "இன்னும் பிரிக்கவே இல்லை, பிள்ளைகளுக்குக் கொடு" என்று வீட்டு வேலைக்கு வரும் அக்கா கையில் கொடுப்போம். அவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நாளைக்கும் அதே வாசலுக்குத்தானே வரவேண்டும். இல்லையென்றால் வாட்ச்மேன். வெள்ளம் வந்த வருடமாக இருந்தால் நிவாரணம். பொருட்களைப் பிரித்துக் கட்ட ஒரு நாள் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், என்னென்ன தேதி போட்ட பிஸ்கட் வந்து விழுந்தது என்று சொல்வார்கள். கடைக்காரர் தேதி முடிந்த பொருளை விற்றால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புகார் செய்வோம், படம் எடுத்துப் போடுவோம். அதே பொருளை நாம் இலவசமாகக் கொடுத்தால் அதற்குத் தர்மம் என்று பெயர்.

தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் தனி ரகம். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு எதுவரை சாப்பிடலாம் என்ற தேதியைக் கடையில் எழுதி வைக்கவேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. அந்தத் தேதி தட்டோடு கடையிலேயே நின்றுவிடும், பாக்ஸோடு வருவதில்லை. அது மூன்று வீடு சுற்றி நம்மிடம் வரும்போது பால்கோவாவின் வயதை யார் அறிவார்? நாமும் பிரிக்காமல் நாலாவது வீட்டுக்கு அனுப்புகிறோம்.

மனிதருக்குக் கொடுக்க மனம் வராத பொருளை மாட்டுக்குப் போடுவது இன்னொரு வழக்கம். புண்ணியம் என்றுகூட நினைக்கிறோம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். நம் கடற்கரைக் காற்றில் வேர்க்கடலையும் முந்திரியும் ஈரம் பிடித்தால் பச்சையாக, மஞ்சளாகப் பூஞ்சை கட்டும். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். மாடு தின்றால் இந்த நச்சு சற்றே உருமாறிப் பாலில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் இது அளவுக்கு மேல் இருந்தது. அப்படிச் சிக்கிய மாதிரிகள் அதிகம் வந்த மாநிலம் தமிழ்நாடு. பெரும்பங்கு தீவனத்தால் வருவது, நாம் போடும் ஒரு பிடிக் கடலையால் அல்ல என்பது எனக்கும் தெரியும். அதற்காக அந்த ஒரு பிடியைப் போடவேண்டுமா என்ன?

எதைக் கொடுக்கலாம் என்றால், தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கொடுக்கலாம். புயலுக்கு வாங்கிய பால் பவுடர் மார்கழிக்குள் தீராது என்று தெரிந்தால் பொங்கலோடு கொடுத்துவிடுங்கள், வாங்குகிறவர் நிதானமாகச் சாப்பிடுவார். தேதி முடிந்ததைப் பொட்டலம் பிரித்து, உள்ளே இருப்பதை மக்கும் குப்பையிலும் உறையை மக்காத குப்பையிலும் போடவேண்டும். பொட்டலமாகவே தொட்டியில் போட்டால் யாராவது எடுத்துத் தின்ன வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் செய்வதற்கு அச்சடித்த தேதி கிடையாது. சித்திரை வெயிலில் போட்ட வடகம், மில்லில் அரைத்த சாம்பார்ப்பொடி, புளி, ஊறுகாய் இவற்றை அந்தந்த வீட்டுக்காரர் கண்ணும் மூக்கும் பார்த்துக்கொள்ளும். சிக்கு வாடை அடிக்கும் வடகத்தை எந்த ஆத்தாளும் குழம்பில் போடுவதில்லை. கட்டுரையாளர் அவற்றையும் ஒரே பட்டியலில் சேர்த்து ஆறு மாதம் என்று கெடு வைத்திருப்பது கொஞ்சம் அதிகம்.

பட்டியலில் தேனும் இருந்தது. ஈரம் புகாமல் மூடி வைத்த நல்ல தேன் கெடாது. உறைந்துபோயிருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும். பாட்டிலில் என்ன தேதி போட்டிருந்தாலும் என் வீட்டுத் தேனை நான் கொட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி