தம்பிக்கு அனுப்பும் பெட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில், "எங்கள் சபை வாலிபர்கள், வெளிநாட்டில் மிஷனெரியாக இருக்கிற தம்பிக்கு ஒரு பெட்டி அனுப்ப ஆசைப்படுகிறார்கள், என்னம்மா வைக்கலாம்?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. பதினொரு வருஷம் நானும் அப்பாவும் மிஷனெரிப் பணித்தளத்தில் இருந்து அப்படிப்பட்ட பெட்டிகளைத் திறந்தவர்கள். சொல்ல நிறைய இருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு வந்த முதல் பெட்டியைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. நீ அப்போது கைக்குழந்தை. பெட்டி வந்திருக்கிறது என்று சீட்டு வந்தது. அப்பா ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போய், அந்த மாதச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைச் சுங்க வரியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால், பொத்தான் இல்லாத சட்டைகள், சாயம் போன புடவைகள், கெடு தேதி தாண்டிய மாத்திரைகள். தரையில் உட்கார்ந்து அழுதேன். அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். மிஷனெரிக்கு எது கொடுத்தாலும் உதவும் என்று நினைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான்: நேரில் கையில் கொடுக்கக் கூச்சப்படுகிற எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது. வாலிபர்களிடம் இதை முதலிலேயே அன்பாகச் சொல்லிவிடு.

அடுத்தது, அவனிடம் கேட்பது. "என்னடா வேணும்?" என்று கேட்காதே. "ஒண்ணும் வேண்டாம்க்கா, எல்லாம் இருக்கு" என்றுதான் சொல்வான். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். கேட்டால் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் ஊழியத்தில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. வேறு மாதிரிக் கேள். போன வாரம் வீட்டில் என்ன தீர்ந்துபோனது? பக்கத்து வீட்டார் உன்னிடம் எதை இரவல் கேட்கிறார்கள்? கரண்ட் போன ராத்திரியில் என்ன செய்வீர்கள்? பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கும்போது எது இருந்திருந்தால் நன்றாயிருக்கும்? இந்தப் பதில்களிலிருந்தே பாதிப் பெட்டி நிறைந்துவிடும்.

அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபோது தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவிடம் என்ன கேட்டார் என்று பார். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கி. புஸ்தகங்கள். விசேஷமாகத் தோற்சுருள்கள். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று சேர்த்து எழுதுகிறார். குளிருக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று. இரண்டையும் கேட்க அவர் வெட்கப்படவில்லை. வாலிபர்கள் வெறும் பக்திப் புத்தகங்களாக அடுக்கிவிடுவார்கள், பார்த்துக்கொள். தம்பிக்குச் செஸ் விளையாட்டும் கிரிக்கெட் பத்திரிகையும் பிடிக்கும். ஊழியத்துக்குப் போனதால் அந்த ஆசைகள் போய்விடவில்லை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அன்னாளைத்தான். சீலோவில் ஆலயப் பணிக்கென்று விட்டுவந்த மகன் சாமுவேலுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போகும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள். பார்க்காத ஒரு வருஷத்தில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே கணக்குப் போட்டுத்தானே துணியை வெட்டியிருப்பாள்? தம்பி போய் இரண்டரை வருஷம் ஆகிறது. நீ நினைத்துக்கொண்டிருக்கிற தம்பி இப்போது கொஞ்சம் வேறு ஆள். இளைத்திருக்கிறான் என்று மருமகள் சொல்கிறாள். பழைய அளவில் சட்டை எடுத்துவிடாதே.

மருமகளைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்களுக்கு வந்த பெட்டிகளில் முக்கால்வாசி அப்பா பெயருக்குத்தான் வரும். பிரசங்கக் குறிப்பு எழுதும் நோட்டு, பேனா, டை. ஒரே ஒரு தடவை ஒரு வயதான அம்மா என் பெயர் எழுதிய சின்னப் பொட்டலம் வைத்திருந்தார்கள். உள்ளே கைக்குத் தடவும் களிம்பும் நல்ல தையல் ஊசிகளும். என் கைகள் வெடித்திருக்கும் என்று அவர்கள் எப்படி நினைத்தார்களோ! அந்தக் களிம்பு டப்பாவை அது தீர்ந்து பல வருஷம் கழித்தும் வைத்திருந்தேன். ஆகவே மருமகளுக்கென்று தனியாக, அவள் பெயர் எழுதி, அவளுக்கு மட்டும் ஒன்று இருக்கட்டும். குட்டிப் பையனுக்கும் அப்படியே.

விலை கொடுத்து வாங்காதவைதான் அதிக நாள் நிற்கும். வாலிபர்களைச் சேர்ந்து பாடச் சொல்லிப் பதிவு செய்து மெமரி கார்டில் போட்டு அனுப்பு. அங்கே இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது என்கிறான். உன் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம், அப்பா காலையில் சத்தமாக வேதம் வாசிக்கிற சத்தம், இதெல்லாமும் இருக்கட்டும். போட்டோக்களைப் பிரின்ட் போட்டு அனுப்பு. போனில் இருக்கிற படத்தைச் சுவரில் ஒட்ட முடியாது. எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாத்தா பாட்டி படத்தைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் முதன்முதலில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்கள். இவளுக்கும் அம்மா இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கடிதங்களும் எழுதச் சொல். ஒவ்வொரு உறையின் மேலும் எப்போது திறக்க வேண்டும் என்று எழுதட்டும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது. யாருமே கூட்டத்துக்கு வராத நாளில். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றும்போது. கடைசிக் கடிதத்தை நீ எழுது. அறிவுரை வேண்டாம். நீங்கள் இருவரும் சின்ன வயதில் செய்த ஏதாவது ஒரு குறும்பை எழுது, போதும்.

எதை வைத்தாலும் இரண்டாக வை. ஒன்றைக் கொடுத்துவிடுவான், அவன் சுபாவம் அது. கொடுக்கக் கையில் ஒன்று இருப்பது அங்கே பெரிய சந்தோஷம். தின்பண்டத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போடு. வண்ணச் சாக்குக்கட்டி, ஸ்டிக்கர், பலூன், ஸ்கிப்பிங் கயிறு என்று பிள்ளைகளோடு உட்கார உதவுகிறவை வை. எழுதாத வாழ்த்து அட்டைகள் ஒரு பத்து வை. அவனுக்கும் யாருக்காவது நன்றி எழுத வேண்டியிருக்குமே.

மிஷனெரி வில்லியம் கேரியைப் பற்றி அப்பா சொல்வார். 1793-ல் இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்தவர், 1834-ல் செராம்பூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவேயில்லை. செடிகள் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. ஒரு தடவை இங்கிலாந்திலிருந்து விதைப் பை வந்தது. விதைகளை எடுத்தபின் காலிப் பையை நிழலான ஓர் இடத்தில் உதறினார். சில நாளில் அங்கே ஒரு டெய்சிச் செடி முளைத்தது, அவர் ஊர்ப் புல்வெளியில் சாதாரணமாகப் பூப்பது. முப்பது வருஷமாகப் பார்க்காத அந்தப் பூவைப் பார்த்ததுபோல ஒரு சந்தோஷம் ஊரைவிட்டு வந்தபிறகு தனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அனுப்பியவருக்கு அது பைக்குள் இருந்ததே தெரிந்திருக்காது. உன் பெட்டியிலும் எது தம்பியின் மனதைத் தொடும் என்று உனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே வை.

ஆனால் விதை மட்டும் இப்போது அனுப்பாதே. விதை, செடி, இறைச்சி இவற்றுக்குப் பல நாடுகளில் கடும் கட்டுப்பாடு. பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி, சென்ட், ஸ்பிரே டப்பா எதுவும் சர்வதேசத் தபாலில் போகாது. மருந்தை அந்த நாட்டு விதி தெரியாமல் வைக்காதே. சாக்லேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், அவன் இருப்பதோ வெயில் தேசம். சோப்பைத் தின்பண்டத்தோடு சேர்த்து வைத்தால் எல்லாம் சோப்பு வாசனை அடிக்கும். சந்துகளில் காகிதத்தைத் திணிக்காமல் காலுறையையும் துண்டையும் சுருட்டி வை.

தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் கொடுப்பார்கள். மதிப்புக் குறைந்த சிறு பொதிக்கு சி.என். 22, மதிப்புக் கூடினாலோ பார்சல் என்றாலோ சி.என். 23. உள்ளதை உள்ளபடி எழுது. பரிசு என்று குறித்தாலும் வரி வராது என்று நம்பிவிடாதே. எவ்வளவு மதிப்புவரை வரி இல்லாமல் விடுவார்கள் என்று தம்பியிடம் முன்பே விசாரித்து, வேண்டுமானால் இரண்டு சிறு பெட்டியாக வேறு வேறு மாதத்தில் அனுப்பு. வரி வந்தால் அதை நாம் கட்டுவோம் என்றும் சொல்லி, பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடு. சபையின் பெயரையோ ஊழியர் என்ற பட்டத்தையோ மேலே எழுதலாமா என்று அவனைக் கேட்காமல் எழுதாதே. சில இடங்களில் அது அவர்களுக்கே ஆபத்தாக முடியும். பொருள் பட்டியலின் நகல் ஒன்றும் முகவரியும் பெட்டிக்குள்ளேயும் இருக்கட்டும்.

வாலிபர்கள் கிறிஸ்மஸுக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். கிறிஸ்மஸுக்கு எல்லோரும் நினைப்பார்கள். பிப்ரவரியில் ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது போன புதிதில் இல்லை, மூன்றாம் வருஷம்தான். புதுமை போய்விடும், பாஷை இன்னும் முழுதாக வராது, வீட்டிலிருந்து கடிதமும் குறைந்துவிடும். தம்பி இப்போது அந்த வருஷத்தில்தான் இருக்கிறான். ஆகவே இந்த மாதமே அனுப்பிவிடலாம்.

பெட்டியின் ஓர் ஓரத்தில் எனக்கு இரண்டு கை அகலம் இடம் விட்டு வை. குட்டிப் பையனுக்குச் சட்டை தைக்கிறேன். அவன் தோளிலிருந்து முழங்கால்வரை எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று மருமகளிடம் கேட்டு எழுது. பெட்டி போய்ச் சேர எத்தனை வாரம் ஆகும் என்றும் தபால் நிலையத்தில் கேட்டுச் சொல். அதற்குத் தக்கபடி ஒரு விரலோ இரண்டு விரலோ கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். துணி வாங்கி நனைத்துக் காயவைத்துவிட்டேன். நான் அனுப்பும்வரை பெட்டியை ஒட்டிவிடாதே.

அன்புடன்,
அம்மா