ஊரை எங்கே விட்டீர்கள்? வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

வார்னர் பிரதர்ஸ் நிறுவனப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் பேசித் தீர்க்கும் வாசகர்களில் ஒருவன் நான். அவருடைய 'சேலம்ஸ் லாட்' நாவலை வைத்து கேரி டாபர்மன் எழுதி இயக்கிய படத்தை 2024 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவில் மேக்ஸ் (இப்போது எச்பிஓ மேக்ஸ்) ஓடிடி தளத்தில் வெளியிட்டீர்கள். அன்றிலிருந்து நாவலின் வாசகர்கள் மனத்தாங்கலோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். "புத்தகத்தில் இருப்பது போல இல்லையாம், வழக்கமான புலம்பல்தான்" என்று நீங்கள் அதை ஒதுக்கியிருந்தால், தயவுசெய்து இன்னொரு முறை காது கொடுங்கள். எங்கள் குறை வேறு: நாவலில் உயிரோடு இருந்த ஊரைப் படத்தில் காணோம்.

இந்தப் படத்துக்காக நாங்கள் காத்திருந்த கதை உங்களுக்கே தெரியும். 2021-ல் படப்பிடிப்பு. 2022 செப்டம்பரில் திரைக்கு வரும் என்றீர்கள். பிறகு 2023 ஏப்ரலுக்குத் தள்ளினீர்கள். அந்தத் தேதியையும் 'ஈவில் டெட் ரைஸ்' படத்துக்குக் கொடுத்துவிட்டு, இதற்குத் தேதியே இல்லாமல் விட்டீர்கள். எடுத்து முடித்திருந்த 'பேட்கேர்ள்' படத்தை வெளியிடவே போவதில்லை என்று நீங்கள் அறிவித்ததும் அதே 2022 ஆகஸ்டில்தான். இதற்கும் அதே கதிதானோ என்று பயந்தோம். 2024 பிப்ரவரியில் கிங்கே வாய் திறந்தார். படத்தைப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை என்ற பொருளில் சமூக வலைத்தளத்தில் எழுதினார். நிதானமாக ஏறிப் போகும் பழைய பாணிப் படம் என்றும் பாராட்டியிருந்தார். அந்த நிதானம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அக்டோபர் வரை இருந்தோம். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் உட்காரவில்லை. பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் உட்கார்ந்தோம்.

மாற்றம் என்றாலே கொதிப்பவர்கள் இல்லை இந்த வாசகர்கள். நாவலில் வரும் ரத்தக்காட்டேரி பார்லோ இனிக்க இனிக்கப் பேசுகிற, படித்த, நாளாக நாளாக இளமை கூடுகிற கனவான். 1979-ல் டோபி ஹூப்பர் இயக்கிய குறுந்தொடர் அவனை மொட்டைத் தலையும் நீலம் பாய்ந்த முகமும் எலிப் பல்லுமாக, வாய் பேசாத பிசாசாக மாற்றியது. கிங்கின் பார்லோவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ரசிகர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பனிமூட்டத்தில் மிதந்து வந்து ஜன்னல் கண்ணாடியைச் சுரண்டும் அந்தச் சிறுவனைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் ராத்திரியில் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறார்கள். 'தி ஷைனிங்' நாவலை 1980-ல் ஸ்டான்லி குப்ரிக் படமாக்கிய விதம் கிங்குக்கே பிடிக்கவில்லை; பல ஆண்டுகள் அதை வெளிப்படையாகச் சொன்னார். வாசகர்களில் பெரும்பாலோர் நாவலையும் வைத்துக்கொண்டார்கள், படத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் படத்திலேயே நாவலில் இல்லாத நல்ல விஷயங்கள் உண்டு. உச்சக்கட்டத்தை ஊரின் பேய் வீடான மார்ஸ்டன் வீட்டிலிருந்து, காரில் இருந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டருக்குக் கொண்டுபோனது அருமையான யோசனை. நிறுத்தி வைத்த கார்களின் டிக்கிக்குள் ரத்தக்காட்டேரிகளாகிவிட்ட ஊரே உறங்குகிறது. பெரிய திரைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. சிறுவன் ரால்ஃபி கிளிக்கைக் காட்டுப் பாதையில் தூக்கிச் செல்லும் காட்சி அதைவிட ஒரு படி மேல். அந்தி வானத்தின் முன்னால் கறுப்பு உருவங்கள் மட்டும் தோல்பாவைக் கூத்துப் போல நகர்கின்றன. டாபர்மனுக்குக் கண் இருக்கிறது. அவருக்கு நேரம்தான் இல்லாமல் போயிற்று.

அந்த டிக்கிகள் திறக்கும்போது உள்ளே இருப்பவர்கள் யார்? நாவலைப் படித்தவர்களை இந்த ஒரு கேள்விதான் வாட்டுகிறது. முகம் தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை.

1975-ல் வெளிவந்த இந்த நாவல் ஒரு ரத்தக்காட்டேரியின் கதையாக மட்டும் எழுதப்படவில்லை. மெய்ன் மாநிலத்தில் ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேர் வாழும் ஒரு சிற்றூர் சாகிற கதை அது. 'ஊர்' என்ற பொருள்படும் தலைப்பில் கிங் தனி அத்தியாயங்களே வைத்திருக்கிறார். விடிகாலையில் பால்காரர் வண்டி கிளம்புவதில் தொடங்கி வீடு வீடாக நம்மை அழைத்துப் போகிறார். குப்பைமேட்டைக் காவல் காத்துக்கொண்டு எலிகளைச் சுடும் டட் ராஜர்ஸ், வாடகைக்கு அறைகள் விடும் ஈவா மில்லர், அவள் வீட்டிலேயே குடியிருக்கும் குடிகாரர் வீசல் கிரெய்க், யாருக்கு விற்கிறோம் என்று கேளாமல் மார்ஸ்டன் வீட்டை விற்கும் நிலத் தரகர் லாரி கிராக்கெட் என்று ஒவ்வொருவர் வாசலிலும் நின்று பார்க்கிறோம். பிள்ளைகளைக் கண்டாலே ஆகாத பள்ளிப் பேருந்து ஓட்டுநர் சார்லி ரோட்ஸ் பின்னால் ஒரு ராத்திரி ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வருகிறார். அவருடைய பேருந்துக்குள் வெளிறிய முகங்களோடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பேருந்தை அதற்கு முன்பே பகலில் பார்த்திருப்பதால்தான் நமக்கு முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

சாண்டி மெக்டூகல் என்ற இளம் தாயையும் நான் சொல்லியே ஆக வேண்டும். சின்ன வயசில் கல்யாணம், டிரெய்லர் வீடு, ஓயாமல் அழும் பத்து மாதக் குழந்தை. எரிச்சலில் குழந்தையை அடித்துவிடுகிறாள். அடித்த கையோடு பதறுகிறாள். படிக்கும்போது அவள் மீது கோபமும் இரக்கமும் ஒன்றாக வரும். பிற்பாடு குழந்தை செத்துக் கிடக்கிறது. அவள் அதை உயர்ந்த நாற்காலியில் உட்கார வைத்து, சாக்லேட் கஸ்டர்டைக் கரண்டியால் ஊட்டப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் கோரைப்பல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. நாவலில் எனக்குத் தூக்கம் கெட்ட இடம் அதுதான். உங்கள் படத்தில் அவள் இல்லை.

நாவலின் முடிவுக்கு அருகில் கான்ஸ்டபிள் பார்க்கின்ஸ் கில்லெஸ்பி ஊரைவிட்டே கிளம்புகிறார். இந்த ஊரில் உயிர் போய்ப் பல காலம் ஆயிற்று, அதனால்தான் பார்லோ இங்கே வந்தான் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு விளக்கு ஏன் எரியவில்லை என்று யாரும் கேட்காத ஊர் அது. அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொண்டதால்தான் பார்லோவுக்கு வேலை சுலபமாகிறது. இதைக் காட்ட ஒவ்வொரு கதவையும் ஒரு முறையாவது திறந்து காட்ட வேண்டும். உங்கள் படத்தில் ஒரு சிறுவன் காணாமல் போகிறான், இன்னொருவன் சாகிறான், ஆசிரியர் மாட் பர்க்கின் வீட்டு மாடியில் ஒரு சத்தம் கேட்கிறது, அடுத்த கால் மணி நேரத்துக்குள் ஊர் முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பாதிரியார் காலஹனுக்கும் இதே கதிதான். நாவலில் அவர் விசுவாசம் தளர்ந்து, பார்லோவின் ரத்தம் பட்ட வாயோடு, தன் தேவாலயக் கதவையே தொட முடியாதவராகிப் பேருந்து ஏறி ஊரைவிட்டுப் போகிறார். அவரை மறக்க முடியாமல் கிங்கே 2003-ல் தன்னுடைய 'டார்க் டவர்' வரிசையின் ஐந்தாம் நாவலில் மறுபடி கொண்டுவந்தார். அப்படிப்பட்ட மனிதரின் வீழ்ச்சியைச் சட்டென்று முடித்துவிட்டீர்கள்.

இந்தக் கதைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது உங்கள் நிறுவனத்துக்கு 1979-லேயே தெரியும். ஹூப்பரின் தொடரைத் தயாரித்ததும் உங்கள் தொலைக்காட்சிப் பிரிவுதான். இரண்டு பகுதிகள், ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதையே ஐரோப்பியத் திரையரங்குகளுக்காக 112 நிமிடமாக வெட்டினீர்கள். இன்றைக்கு அந்தச் சின்ன வடிவத்தைத் தேடிப் போகிறவர் யார்? முழுத் தொடரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ராப் லோ நடித்த 2004 குறுந்தொடரும் ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான். மூன்றாம் முறை எடுக்கும்போது மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிவிடலாம் என்று ஏன் நினைத்தீர்கள்?

நீளமான திகில் படத்துக்குக் கூட்டம் வராது என்பது உங்கள் பதிலாக இருக்க முடியாது. கிங்கின் 'இட்' நாவலை இரண்டாகப் பிரித்து எடுத்தவர்கள் நீங்கள். 2017-ல் வந்த முதல் பகுதி இரண்டேகால் மணி நேரம். உலகம் முழுவதும் 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2019-ல் வந்த இரண்டாம் பகுதி மூன்று மணி நேரத்துக்குப் பத்து, பதினோரு நிமிடம்தான் குறைவு. அதன் திரைக்கதையும் இதே டாபர்மனுடையதுதான்.

வெளியான படத்தை மறுபடி திறக்கும் வழக்கமும் உங்களுக்குப் புதிதல்ல. கிங்கின் நாவலை வைத்து மைக் ஃப்ளானகன் இயக்கிய 'டாக்டர் ஸ்லீப்' 2019-ல் திரையரங்கில் எதிர்பார்த்த அளவு போகவில்லை. 152 நிமிடப் படம் அது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இயக்குநரின் வடிவத்தை மூன்று மணி நேர நீளத்தில் வீட்டுக் காணொளியாகக் கொடுத்தீர்கள். கிங் ரசிகர்கள் இன்றைக்கு ஒருவருக்கொருவர் பரிந்துரைப்பது அந்த வடிவத்தைத்தான். 2021-ல் ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 'ஜஸ்டிஸ் லீக்' என்ற சூப்பர் ஹீரோ படத்தின் நான்கு மணி நேர வடிவத்துக்குப் பணம் போட்டு முடித்தும் கொடுத்தீர்கள். அந்தக் கோரிக்கையோடு சேர்ந்து சிலர் நடத்திய வசவையும் மிரட்டலையும் நான் வெறுக்கிறேன். இந்தப் படத்தில் உழைத்தவர்களை அப்படிப் பேசுகிறவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை. லூயிஸ் புல்மனும் ஆல்ஃப்ரே வுடார்டும் பில் கேம்ப்பும் தங்களுக்குக் கிடைத்த நேரத்துக்குள் செய்ய முடிந்ததை நேர்மையாகவே செய்திருக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். டாபர்மன் எடுத்து, படத்தொகுப்பில் கழிந்துபோன காட்சிகளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். அவர் விரும்பும் நீளத்தில் ஒரு வடிவம் தொகுக்கட்டும். கிராஃபிக்ஸ் முடியாத இடம் இருந்தால் முடியாதபடியே இருக்கட்டும். ராத்திரிக் காட்சியில் பல் சரியாகப் பொருந்தவில்லை என்று நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். எச்பிஓ மேக்ஸ் தளத்தில் ஏற்ற மனமில்லையென்றால் வட்டாகவாவது போடுங்கள். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, நான் முதல் ஆளாக வாங்குவேன். முழு வடிவத்துக்கு வழியே இல்லை என்றால், நீக்கப்பட்ட காட்சிகளை மட்டுமாவது தனித்தனியாக வெளியிடுங்கள். அந்தப் பால்வண்டி, ஈவாவின் சாப்பாட்டு மேசை, சார்லி ரோட்ஸின் பேருந்து, சாண்டியின் சமையலறை, இவற்றில் எவையெல்லாம் படமாக்கப்பட்டன, எவை காகிதத்திலேயே நின்றுவிட்டன என்பதைப் பட்டியலாகவேனும் சொல்லிவிடுங்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நாவலின் வாசகர்களில் ஒருவன்